குதிரைகளோடு ராத்திரி எங்கே தங்குவது: டல்லாஸிலிருந்து பிளாக் ஹில்ஸ் வரை

டல்லாஸ் பக்கத்திலிருந்து இரண்டு குதிரைகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைக்குப் போய் நாலு நாள் சவாரி செய்யப் போகிறோம், ராத்திரி தங்க இடம் எந்த ஆப்பில் தேடலாம், வழியில் ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தித் தூங்கினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. வழியில் ஒரு ராத்திரியைக் கழிக்க இடம் வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் நாலு நாள் முகாம் போட இடம் வேண்டும். முதலாவதற்கு வேண்டியது கூரையும் வேலியும். இரண்டாவதற்கு வேண்டியது பாதையும் தண்ணீரும் அனுமதியும். இரண்டையும் ஒரே தேடலில் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு இடமே கிடைப்பதில்லை.

ஆப்புக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ராத்திரி உங்கள் குதிரை எதில் நிற்கும்? லாயத்திலா, இரும்புக் கம்பி அடைப்பிலா, டிரெய்லர் பக்கவாட்டில் கட்டியா, இரண்டு மரத்துக்கு நடுவே இழுத்த உயரக் கயிற்றிலா, மின்வேலிக்குள்ளா? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் பாதி இடங்கள் தானாகவே பட்டியலிலிருந்து கழன்றுவிடும். அடைப்பு தவிர வேறெதிலும் நின்று பழகாத குதிரைக்கு, அடைப்பு இல்லாத மலைமுகாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

வழித்தங்கலை முதலில் பார்ப்போம். டல்லாஸிலிருந்து பிளாக் ஹில்ஸ் ஆயிரம் மைலுக்கு மேல். காரில் ஒரே மூச்சில் போய்விடுபவர்கள் உண்டு. டிரெய்லரோடு அது கூடாது. ஓடும் டிரெய்லரில் குதிரை சும்மா நிற்பதில்லை, ஒவ்வொரு பிரேக்குக்கும் வளைவுக்கும் காலை ஊன்றிச் சமாளித்துக்கொண்டே வருகிறது. தலையை உயரக் கட்டிவிட்டால் இன்னொரு சிக்கல். குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசும் சளியும் வெளியே வடியும். பல மணி நேரம் தலை தாழாமல் போனால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறலாம். பயணக் காய்ச்சல் என்று குதிரைக்காரர்கள் சொல்வது இதைத்தான். 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள், தலைக்கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். ஒரு நாளைக்கு 8, 9 மணி நேர ஓட்டத்தோடு நிறுத்திக் கீழே இறக்கிவிடுங்கள். அப்படிக் கணக்குப் போட்டால் உங்களுக்கு வழியில் இரண்டு ராத்திரி.

ரெஸ்ட் ஏரியா வேண்டாம். பல மாநிலங்களில் அங்கே ராத்திரி முழுக்கத் தங்கவே அனுமதியில்லை. அனுமதி இருக்கும் இடத்திலும் குதிரையை இறக்க வழியில்லை; கை நழுவினால் நேரே நெடுஞ்சாலை. நின்றுவிட்ட டிரெய்லருக்குள் காற்றோட்டமும் இருக்காது. டெக்சாஸ், கலிபோர்னியா சாலையோரங்களில் அழகுக்காக அரளி நட்டிருப்பார்கள். நம்மூரில் அரளி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அமெரிக்காவில் ஓலியாண்டர் என்ற பெயரில் பூச்செடியாகவே பார்க்கிறார்கள். ஒரு பிடி இலை ஒரு குதிரையைக் கொல்லப் போதும், காய்ந்த இலையிலும் விஷம் குறைவதில்லை. தண்ணீர் காட்ட நிறுத்தும்போதும் செடியோரம் விட்டுத் தள்ளியே நிறுத்துங்கள்.

வழித்தங்கலுக்கு மூன்று வகை இடம் உண்டு. முதலாவது ஹார்ஸ் மோட்டல் என்று சொல்லப்படும் தனியார் லாயங்கள். இரண்டாவது கவுன்ட்டி சந்தைத் திடல்கள். திருவிழா இல்லாத நாட்களில் பல ஊர்களில் லாயத்தை வாடகைக்கு விடுகிறார்கள், ஆட்கள் தூங்க வண்டிக்கு மின் இணைப்பும் கொடுப்பார்கள். மூன்றாவது குதிரை முகாம் உள்ள மாநிலப் பூங்காக்கள். உங்கள் வழியில் முதல் ராத்திரிக்கு கான்சாஸின் கனோபொலிஸ் மாநிலப் பூங்காவைப் பாருங்கள், அங்கே குதிரைக்காரர்களுக்கென்றே தனி முகாம் இருக்கிறது. இரண்டாவதுக்கு வடமேற்கு நெப்ராஸ்காவில் கிராஃபர்ட் ஊரை ஒட்டிய ஃபோர்ட் ராபின்சன் மாநிலப் பூங்கா. பழைய ராணுவக் கோட்டை, 1919-லிருந்து ராணுவத்துக்குக் குதிரை வாங்கிப் பழக்கி அனுப்பும் கிடங்காக இருந்த இடம். இன்றும் வருபவர்களின் குதிரைகளுக்கு லாயம் வாடகைக்குக் கிடைக்கிறது. அங்கிருந்து மறுநாள் காலை கிளம்பினால் மதியத்துக்குள் பிளாக் ஹில்ஸ்.

தனியார் லாயத்துக்குப் போன் செய்யும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். கொட்டடி 12-க்கு 12 அடி இருக்குமா, அடியில் போடும் மரத்தூள் யாருடையது, முந்தின குதிரை போன பின் கழுவினார்களா, என் வண்டி முன்னால் போயே திரும்பி வெளியே வர இடமிருக்கிறதா, ராத்திரி 9 மணிக்கு மேல் வந்தால் கேட்டைத் திறப்பது யார், வேலி முள்கம்பியா? இத்தனையும் கேளுங்கள். மரத்தூள் விஷயத்தில் ஒன்று நிச்சயம்: கருப்பு வால்நட் மரத்தின் தூள் கலந்திருந்தால், அதில் நின்றாலே சில மணி நேரத்துக்குள் கால் வீங்கி, குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நொண்ட ஆரம்பிக்கும். முன்பின் தெரியாத மேய்ச்சல் வெளியில் ராத்திரி அவிழ்த்துவிடவே வேண்டாம். இருட்டில் வேலி எங்கே என்று உங்கள் குதிரைக்குத் தெரியாது.

வாளி உங்களுடையதாகவே இருக்கட்டும். குழாய் முனையை வாளித் தண்ணீருக்குள் முக்காமல் மேலிருந்து ஊற்றுங்கள். அந்த முனை நேற்று வேறொரு குதிரையின் வாளிக்குள் கிடந்திருக்கும். ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைக்கட்டி நோயும் குதிரை ஹெர்பிஸ் வைரசும் இப்படித்தான் லாயம் விட்டு லாயம் தாவுகின்றன. 2011-ல் யூட்டாவின் ஆக்டன் நகரில் நடந்த ஒரு குதிரைப் போட்டியிலிருந்து கிளம்பிய ஹெர்பிஸ் தொற்று பல மாநிலங்களுக்குப் பரவி, போட்டிகளெல்லாம் ரத்தாயின. வருகிற எல்லாக் குதிரைக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்கிற லாயத்தைக் கெடுபிடிக்காரர்கள் என்று நினைக்காதீர்கள், அதுதான் நல்ல லாயம்.

சீட்டு என்றதும் காகித விஷயத்தையும் முடித்துவிடலாம். காகின்ஸ் பரிசோதனை என்பது குதிரைத் தொற்று ரத்தசோகை இல்லை என்பதற்கான ரத்தப் பரிசோதனை. மாநில எல்லை தாண்ட, பெரும்பாலும் 12 மாதத்துக்குள் எடுத்தது வேண்டும். கூடவே கால்நடை மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் உடல்நலச் சான்று, வழக்கமாக 30 நாளுக்குள் எழுதியது. மேற்கு மாநிலங்களில் இவற்றோடு சூட்டுக்குறி ஆய்வு என்று ஒன்று உண்டு, குதிரை உங்களுடையதுதான் என்பதற்குச் சான்று. கொலராடோ வழியாகச் சுற்றிப்போக நினைத்தால், அந்த மாநிலத்துக்குள் 75 மைலுக்கு மேல் குதிரையைக் கொண்டு போகவே அந்த ஆய்வு வேண்டும் என்று அவர்கள் விதி. இந்த விதிகள் நோய் பரவும்போது வாரக்கணக்கில் மாறும், அதனால் கிளம்பும் வாரம் நீங்கள் நுழையப்போகும் ஒவ்வொரு மாநிலக் கால்நடை மருத்துவர் அலுவலகத்துக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

இனி போய்ச் சேரும் இடம். அமெரிக்காவில் குதிரைப் பாதை இருக்கும் இடமெல்லாம் குதிரை முகாம் இல்லை. தளங்களில் குதிரைக்காரர்களுக்கு ஏற்றது என்று போட்டிருந்தால், பல நேரம் பகலில் சவாரி செய்யலாம் என்பதோடு சரி. தேசியப் பூங்கா, மாநிலப் பூங்காக்களின் சாதாரண முகாம்களில் ராத்திரி குதிரை வைக்க விடமாட்டார்கள், அதற்கென ஒதுக்கிய முகாமில்தான் வைக்க முடியும். பிளாக் ஹில்ஸில் கஸ்டர் மாநிலப் பூங்காவுக்குள் ஃபிரெஞ்ச் க்ரீக் குதிரை முகாம் இருக்கிறது. தேசிய வனத்துக்குள் வில்லோ க்ரீக், அயர்ன் க்ரீக் என்று இரண்டு குதிரை முகாம்கள். கூட்டாட்சி அரசின் முகாம்களை ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பிடிக்கலாம், மாநிலப் பூங்காக்களுக்கு அந்தந்த மாநிலத்தின் தளம் தனி. செப்டம்பர் கடைசியில் கஸ்டர் பூங்காவில் பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமை மந்தையை ஓட்டித் திரட்டும் நாளையொட்டி இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்தப் பூங்காவில் பைசன்கள் திறந்தவெளியில்தான் திரிகின்றன. அந்த வாடையே அறியாத டெக்சாஸ் குதிரை முதல்முறை பார்க்கும்போது என்ன செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. முதல் நாள் சவாரியைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முகாம்களெல்லாம் நிரம்பியிருந்தால் தேசிய வனத்தில் ஒதுக்கப்படாத இடத்திலும் தங்கலாம். கட்டணம் இல்லை, பொதுவாக 14 நாள் வரம்பு. எந்தச் சாலையில் வண்டி போகலாம், சாலையை விட்டு எத்தனை அடி உள்ளே நிறுத்தலாம் என்பதை அந்த வனத்தின் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம் சொல்லும். ரேஞ்சர் அலுவலகத்தில் இலவசம், அவென்சா என்ற வரைபட ஆப்பிலும் இறங்கும். அதில் சாலைக்கோட்டின் ஓரம் புள்ளி புள்ளியாகப் போட்டிருந்தால் அங்கே முகாமுக்காக வண்டியை உள்ளே இறக்கலாம் என்று அர்த்தம். வரைபடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது: வண்டி திரும்புமா? இரண்டு குதிரை டிரெய்லரும் பிக்கப்பும் சேர்த்தால் 36 முதல் 40 அடி வரும். செயற்கைக்கோள் படத்தில் அளக்கும் கருவியை வைத்து, திரும்பும் இடம் 80 அடியாவது அகலம் இருக்கிறதா என்று பாருங்கள். மரக்கூரை மூடிய இடத்தில் அதுவும் தெரியாது. தெரியாத வனச்சாலையில் முதலில் டிரெய்லரைக் கீழே விட்டுவிட்டு, ஒருவர் குதிரைகளோடு நிற்க, மற்றவர் வண்டியை மட்டும் ஓட்டிப் பார்த்து வருவதுதான் வழி. பின்னாலேயே ஒரு மைல் ரிவர்ஸ் எடுப்பதை விட அந்த அரை மணி நேரம் மலிவு.

பிளாக் ஹில்ஸில் இன்னொரு பொறி வழிகாட்டி ஆப்பிலேயே இருக்கிறது. குறுக்கு வழி என்று நீடில்ஸ் நெடுஞ்சாலையில் ஏற்றிவிடும். அங்கே நீடில்ஸ் ஐ என்ற பாறைக் குகைவழியின் அகலம் சுமார் 8 அடிதான். இரட்டைப் பின்சக்கர பிக்கப்பே சுமார் 8 அடி. அயர்ன் மவுன்டன் சாலையிலும் குகைவழிகளும் பன்றிவால் மாதிரி சுருண்டு ஏறும் பாலங்களும் உண்டு. இரண்டையும் வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு வேறு வழி குறித்துக்கொள்ளுங்கள்.

ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போன் செய்யாமல் எந்த முகாமையும் முடிவு செய்யாதீர்கள். ஆப்பில் வரும் படமும் கருத்தும் மூன்று வருஷத்துக்கு முந்தையதாக இருக்கலாம். வார நாள் காலையில் கூப்பிட்டு, பொழுதுபோக்குப் பிரிவில் இருப்பவரைக் கேளுங்கள், முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்குப் பம்பு ஓடுகிறதா என்று தெரியாமல் இருக்கலாம். தண்ணீர் இப்போது வருகிறதா, குதிரை குடிக்கும் தண்ணீர் தனியா, அடைப்பு எத்தனை, மரத்தில் கயிறு கட்ட விடுவீர்களா, இதுவரை வந்ததில் எவ்வளவு நீள டிரெய்லர் திரும்பியிருக்கிறது, தீத்தடை உண்டா? பிளாக் ஹில்ஸில் அமைக்கப்பட்ட முகாம்களின் அடுப்பைத் தவிர வெளியே எங்கும் விறகு மூட்டக் கூடாது, சமையலுக்கு கேஸ் அடுப்பு கொண்டு போங்கள்.

உலர்புல் விஷயத்திலும் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா, கொலராடோ தேசிய வனங்களுக்குள் களைவிதை இல்லை என்று சான்றளித்த புல்லைத்தான் கொண்டு போகலாம். கட்டில் சான்றுச் சீட்டோ குறிப்பிட்ட நிறக் கயிறோ இருக்கும், அதை அறுத்து எறிந்துவிடாதீர்கள், கேட்டால் காட்ட வேண்டும். குதிரை தின்ற களைவிதை இரண்டு மூன்று நாள் கழித்து லத்தியில் முளைக்கும் உயிரோடு வெளியே வரும். அதனால் வனத்துக்குள் நுழைவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே சான்றுப் புல்லுக்கு மாற்றிவிடுவது முறை. திடீரென்று தீவனத்தை மாற்றினால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்பதால், பழைய புல்லோடு கலந்து படிப்படியாக மாற்றுங்கள். 1,000 பவுண்டு எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 பவுண்டு, அதாவது 7 முதல் 9 கிலோ என்று கணக்கு வையுங்கள்.

தண்ணீர் ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 காலன், வெயிலில் வேலை செய்தால் இன்னும் கூடும். ஒரு காலன் 8 பவுண்டுக்கு மேல் எடை. 30 காலன் தொட்டி 250 பவுண்டு ஆகிவிடும், அதை டிரெய்லரின் முன்புறம் வைப்பதா பிக்கப்பில் வைப்பதா என்பதை எடைக்கணக்கில் பார்த்து முடிவு செய்யுங்கள். அளவை விடப் பெரிய சிக்கல், ஊர் மாறிய தண்ணீரைக் குதிரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது. ஒரு ராத்திரி குடிக்காமல் இருந்தாலே குடல் வறண்டு சாணம் கட்டிக்கொள்ளலாம், காலிக் என்ற கடும் வயிற்றுவலி வந்து நிற்கலாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வாளியில் கொஞ்சம் ஆப்பிள் சாறு கலந்து பழக்கிவிட்டால், வேற்று ஊர்த் தண்ணீரிலும் அதே வாசனையைப் போட்டு ஏமாற்றலாம். பக்கத்தில் சாறு கலக்காத தண்ணீரும் ஒரு வாளி இருக்கட்டும்.

அடைப்பு இல்லாத இடத்தில் உயரக் கயிறுதான் என் முதல் தேர்வு. மரத்தின் அடியில் நேரே கட்டினால் ராத்திரி முழுக்கக் காலால் பறித்து வேரை வெளியே எடுத்துவிடும், பட்டையையும் கடிக்கும். அதற்காகத்தான் வனத்துறை கோபப்படுகிறது. 8 அங்குலத்துக்குக் குறையாத பருமன் உள்ள, 30 முதல் 40 அடி தள்ளி நிற்கிற இரண்டு உயிருள்ள மரங்களைத் தேர்ந்தெடுங்கள். பிளாக் ஹில்ஸில் வண்டு அரித்துக் காய்ந்துபோன பாண்டரோசா பைன்கள் நிற்கும், காற்றடித்தால் விழும், மேலே அண்ணாந்து பார்க்காமல் கயிறு கட்டாதீர்கள். மரத்தைச் சுற்றி 2 அங்குலத்துக்குக் குறையாத அகலப் பட்டை போட்டு, அதில்தான் கயிறு. அரை அங்குலத் தடிமன், இழுத்தால் நீளாத ரகம். தரையிலிருந்து 7 அடி உயரத்தில், வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். குதிரை ஒருமுறை இழுத்தாலே ஒரு அடி தொங்கிவிடும். கட்டும் புள்ளி கயிற்றின் மேல் நகராமல் இருக்கச் சின்ன இரும்பு வளையமும், கயிறு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கச் சுழல் கொக்கியும் கடையில் கிடைக்கும். முதல் குதிரை மரத்திலிருந்து 6 அடி தள்ளி, இரண்டாவது அதிலிருந்து 10 முதல் 12 அடி தள்ளி.

எல்லாம் சரியாகச் செய்தவர்களும் தவறு செய்யும் இடம் தொங்கும் கயிற்றின் நீளம். மேலிருந்து விட்ட கயிற்றின் கொக்கி, தரைக்கு ஒன்றரை இரண்டு அடி மேலே நிற்க வேண்டும். இதை விட நீளமானால் தலை தாழ்த்திப் புல் பொறுக்கும்போது முன்னங்கால் கயிற்றைத் தாண்டிவிடும். குதிரை மிரண்டு பின்னால் இழுக்கும், குளம்புக்கு மேலே உள்ள மடிப்பில் கயிறு அறுத்துத் தோலும் சதையும் போய்விடும். ஆற மாசக்கணக்காகும். ரொம்பக் குட்டையானால் ராத்திரி முழுக்கத் தலையைத் தாழ்த்த முடியாது, மறுநாள் சவாரிக்கு ஆகாது. தூங்கப் போகும் முன் ஒரு முறையும், விடியலில் ஒரு முறையும் தொய்வைப் பாருங்கள். பனி ஈரத்தில் நைலான் கயிறு தளரும்.

மின்வேலி எடை குறைவு, எடுத்துப் போக எளிது. மான் கூட்டமோ பைசனோ ராத்திரி ஓடிவந்தால் அந்த வேலி இருந்த தடமே இருக்காது. வீட்டில் மின்வேலிக்குப் பழகிய குதிரைக்கும், பேட்டரி போதுமான நாட்களுக்கும் மட்டும். டிரெய்லர் பக்கத்தில் கட்டுவதானால் பிக்கப்பைக் கழற்றாமல், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முதுகு உயரத்துக்கு மேலே வளையத்தில் கட்டுங்கள். நம்பர் பிளேட் முனை, சக்கரக் கவசத்தின் ஓரம், இந்த இரண்டும்தான் கண்ணையும் காலையும் கிழிப்பவை. தகடு ஓரத்துக்குப் பழைய தோட்டக் குழாயைக் கீறிச் செருகிவிட்டால் போதும்.

தண்ணீர்க்கரையிலிருந்து 200 அடி தள்ளியே குதிரை நிற்கட்டும். லத்தியை முகாமில் குழி இருந்தால் குழியில், இல்லாவிட்டால் கூடையில் அள்ளிக்கொண்டு திரும்புங்கள். இரண்டு குதிரைக்கு நாலு நாளில் வண்டி நிறையும், அதற்கும் இடம் விட்டுவையுங்கள். தானியமும் பெல்லட் என்ற குச்சித் தீவனமும் டிரெய்லர் தரையில் கிடக்க வேண்டாம், மூடி இறுகிய டப்பாவில் போட்டுப் பூட்டுங்கள். கரடி உள்ள யெல்லோஸ்டோன் பக்கம் அதுவே சட்டம், இங்கே ரக்கூனும் மான்களும்தான் வந்து நிற்கும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் உங்கள் வீட்டு மரத்திலேயே உயரக் கயிறு இழுத்து, இரண்டு குதிரைகளையும் அதில் ஒரு ராத்திரி கட்டிப் பாருங்கள். நீங்களும் வெளியே படுங்கள். ஒன்றை மட்டும் அவிழ்த்துத் தூரம் கூட்டிப்போய்விட்டு, மற்றது தனியாக நிற்கும்போது எப்படிக் கனைக்கிறது, எவ்வளவு நேரம் பறிக்கிறது, எப்போது அடங்குகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அடங்கினால் மலைமுகாம் ஓகே. விடியும் வரை அடங்காவிட்டால் இந்த முறை அடைப்பு உள்ள முகாமையே பிடியுங்கள், அது கிடைக்கிற தேதிக்குப் பயணத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.